எந்தக் கட்டத்தில் புள்ளடி? ஒஸ்கார் ஊகத்தாளை நிரப்ப நான்கு வழிகள்

ஜனவரி பிற்பகுதியில் ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வெளியானதும் மட்டக்களப்பில் எங்கள் நண்பர் வட்டத்துக்குள் ஓர் ஊகத்தாள் சுற்றத் தொடங்கிவிடும். கல்லடியில் இரண்டு ஆசிரியர்கள், காத்தான்குடியில் ஒரு வங்கி ஊழியர், கல்முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், வந்தாறுமூலையில் படிக்கும் சில பிள்ளைகள், இவர்களோடு ஓய்வு பெற்ற பிறகும் படம் பார்ப்பதிலிருந்து ஓய்வு பெறாத ஓரிருவர். 2025 வரை 23 பிரிவுகள் இருந்தன. 2026 விழாவில் நடிகர் தேர்வுக்கென்று ஒரு விருது சேர்ந்து 24 ஆகிவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெயருக்கு நேரே ஒரு புள்ளடி. பணம் வைப்பதில்லை. சிலரை மார்க்கம் தடுக்கிறது, மற்றவர்களை மனைவி தடுக்கிறார். வென்றவருக்கு மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து வாவி நண்டுக் கறியோடு ஒரு மதியச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான்.

தாள்களை ஞாயிறு இரவோடு வாங்கி வைத்துவிடுவோம். லொஸ் ஏஞ்சல்ஸில் ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு விழா தொடங்கினால் இங்கே திங்கள் அதிகாலை ஐந்தரை. அமெரிக்காவில் கோடைகால நேரமாற்றம் வந்துவிட்டிருந்தால் நாலரை. பாடசாலைக்கும் வங்கிக்கும் போகிறவர்கள் பாதி விழாவைப் பார்த்துவிட்டு மீதியைக் கைத்தொலைபேசியில் ஒளித்துப் பார்க்கும் நாள் அது.

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எதைப் பார்த்து நிரப்புவது? எங்களிடம் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பிடித்த படத்துக்குப் போடுவது, ஹொலிவூட் சங்கங்களின் விருதுகளைப் பின்பற்றுவது, பந்தய நிறுவனங்களின் விகிதத்தைப் பார்ப்பது, பழைய ஒஸ்கார் வரலாற்றிலிருந்து விதி பொறுக்குவது. நான்கும் ஒரே தரத்தில் நிற்கிற வழிகள் அல்ல. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய பிரிவுகளுக்குச் சங்கம், சிறிய பிரிவுகளுக்கு விகிதம், இரண்டு மூன்று பிரிவுகளுக்கு மட்டும் மனம். விதி பொறுக்குவது விடிய விடியக் கதைப்பதற்கு நன்றாக இருக்கும், புள்ளி தராது.

ஏன் கணிக்க முடிகிறது

எல்லா விருதையும் கணிக்க முடியாது. இந்திய தேசிய விருதைத் தீர்மானிப்பது ஒரு நடுவர் குழு. கான் விழாவிலும் அப்படித்தான். ஒன்பது பேர் அறைக்குள் போய்ப் பேசி ஒரு முடிவோடு வெளியே வருவார்கள். 2015 இல் ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ அங்கே தங்கப் பனை என்ற முதல் பரிசை வாங்கியபோது அதற்கு முன்னோடியாக எந்த அறிகுறியும் இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. ஒன்பது பேரின் மனத்தை யார் எட்டிப் பார்ப்பது?

ஒஸ்காரில் வாக்களிப்பவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அவர்கள் எல்லோரும் திரைத்துறையில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் பலர் தத்தமது தொழிற்சங்கத்திலும் உறுப்பினர்கள், அந்தச் சங்கங்களும் சில வாரங்களுக்கு முன்பே விருது கொடுக்கின்றன. ஆகவே பரீட்சைக்கு முன்பு அதே ஆட்களில் ஒரு பகுதியினர் எழுதிய விடைத்தாள் நம் கைக்கு வந்துவிடுகிறது. ஒஸ்கார் கணிப்பு என்ற விளையாட்டுக்கே அடித்தளம் இதுதான். எந்தப் படம் நல்ல படம் என்ற கேள்வி இதில் கடைசியில்தான் வருகிறது. யார் வாக்களிக்கிறார்கள், எப்போது வாக்களிக்கிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்ற மூன்றும் முதலில் வருகின்றன.

தொடக்கத்தில் கணிப்பதற்கே இடம் இருக்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1929 மே மாதம் நடந்த முதல் விழாவில் வென்றவர்கள் யார் என்பது மூன்று மாதங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். பிறகு பத்திரிகைகளுக்கு மட்டும் முன்கூட்டியே பட்டியலைக் கொடுத்தார்கள். 1940 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் விழா தொடங்குமுன்பே அதை அச்சிட்டுவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்துதான் முத்திரையிட்ட உறை வந்தது. அந்தப் பத்திரிகையின் அவசரத்துக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

மனம் சொல்வது

எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் இந்த வழிக்காரர்கள். 2009 இல் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு ஒஸ்கார்களைக் கையில் பிடித்து “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து, தமிழ்த் தொடர்பு எது இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் புள்ளடி போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டில் மனம் சரியாகச் சொன்னது. ஆனால் அந்தப் படம் மொத்தம் எட்டு விருதுகளை அள்ளியது, சங்கங்கள் எல்லாம் அதன் பக்கம் நின்றன. மனத்தை நம்பியவருக்கும் கணக்குப் பார்த்தவருக்கும் ஒரே விடைதான் கிடைத்திருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே மனம் ‘லைஃப் ஒஃப் பை’ படத்தில் பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டுக்குப் போடச் சொன்னது. தமிழ் வரிகள் கொண்ட ஒரு பாடல் சிறந்த பாடலுக்கான பட்டியலில்! யாருக்குத்தான் கை போகாது? எதிரே நின்றது ஜேம்ஸ் பொண்ட் படத்துக்காக அடெல் பாடிய ‘ஸ்கைஃபோல்’. உலகமே முணுமுணுத்த பாட்டு. தாலாட்டுக்குப் புள்ளடி போட்டவர்கள் தெரிந்தே தோற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதைக் கணிப்பு என்று சொல்லக் கூடாது, வாழ்த்து என்று சொல்ல வேண்டும்.

மனத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. எங்கள் ஊர் சினிமாவுக்குக் கொடுத்த பெரிய ஆள் அந்த வழியாகத்தான் போனார். அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சிறுவனாகச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்தார். லீன் “மழை” என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியது, அப்போதே தானும் இயக்குநராவதென்று தீர்மானித்துவிட்டதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அந்தப் படம், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’, 1958 விழாவில் சிறந்த படம், இயக்கம், நடிகர் உட்பட ஏழு ஒஸ்கார்களை வென்றது. அதில் திரைக்கதை விருது பியர் பூல் என்ற பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயருக்குப் போனது. உண்மையில் திரைக்கதையை எழுதிய மைக்கேல் வில்சனும் கார்ல் ஃபோர்மனும் அக்காலத்து அரசியல் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர்களுடைய பெயர் திரையிலேயே வரவில்லை. 1984 இல்தான் அவர்களுக்கு அந்த விருது உரித்தாக்கப்பட்டது. அந்த ஒரு பிரிவை 1958 இல் சரியாகக் கணித்தவர் உலகத்தில் ஒருவரும் இருந்திருக்க முடியாது.

மின்சாரமே இல்லாத காலத்தில் ஜெனரேட்டரையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படங்களை விழித்திருந்து பார்த்த தலைமுறை எங்களுடையது. அப்படிப் பார்த்தவர்களிடம் போய் “உங்களுக்குப் பிடித்ததை மறந்துவிட்டு, அமெரிக்கத் தயாரிப்பாளர்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள்” என்று சொன்னால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மன வழிக்காரருக்கு இன்னொரு கட்டாயமும் இருக்கிறது: அவர் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். மற்ற மூன்று வழிகளிலும் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் முழுத்தாளையும் நிரப்பிவிடலாம். சென்ற தடவைகளில் நண்டுக் கறி சாப்பிட்ட சிலர் அப்படித்தான் நிரப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை.

சங்க விருதுகள்

இதுதான் முக்கியமான வழி என்பதால் சற்று நின்று பார்க்கிறேன். தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம், எழுத்தாளர் சங்கம் ஆகிய நான்கும் பெரியவை. அவற்றோடு பிரித்தானியாவின் பாஃப்டா விருதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒஸ்கார் வாக்காளர்களில் பிரித்தானியர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கோல்டன் குளோப் விருதைச் சேர்க்க வேண்டாம். அதற்கு வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள். அது ஒஸ்கார் வாக்காளர்களின் காதில் ஒரு பெயரைப் போட்டு வைக்குமே தவிர, அவர்களுடைய மனத்தைக் காட்டாது.

இயக்குநர் பிரிவில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதைவிட எளிதான பிரிவு தாளில் இல்லை. இயக்குநர் சங்கம் 1940களின் இறுதியிலிருந்து விருது கொடுத்து வருகிறது. அன்றிலிருந்து 2025 விழா வரை அதன் தேர்வும் ஒஸ்காரின் தேர்வும் முரண்பட்டவை எட்டே எட்டுத் தடவைகள். கடைசியாக 2020 இல் நடந்தது: சங்கம் சாம் மெண்டிஸுக்குக் கொடுத்தது, ஒஸ்கார் ‘பராசைட்’ எடுத்த பொங் ஜூன்-ஹோவுக்குப் போனது. அதற்கு முன்பு 2013 இல் பென் அஃப்லெக்குக்கு ஒஸ்கார் பரிந்துரையே கிடைக்காததால் முரண்பாடு தவிர்க்க முடியாததாகியது. இப்படி ஒரு வழிகாட்டி இருக்கும்போது இயக்குநர் பிரிவில் சொந்த மூளையைப் பயன்படுத்துகிறவரைப் பார்த்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

சிறந்த படத்துக்குத் தயாரிப்பாளர் சங்கம். காரணம் எண்ணும் முறை. ஒஸ்காரின் ஏனைய பிரிவுகளில் அதிக வாக்கு யாருக்கோ அவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் 2010 விழாவிலிருந்து விருப்பு வரிசை முறை நடைமுறையில் இருக்கிறது. வாக்காளர் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். எங்கள் நாட்டு ஆட்களுக்கு இதை விளக்குவது இலகு. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாததால், நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ணினார்களே, அதன் உறவுமுறைதான் இது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே அடியில் வெளியேற்றிவிடுவார்கள். அங்கே கடைசியில் நிற்கும் படத்தை மட்டும் நீக்கி, அதன் வாக்குகளை அடுத்த விருப்புக்கு மாற்றி, மறுபடி எண்ணி, ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இதையே செய்துகொண்டு போவார்கள். பத்துப் படங்கள் என்றால் பல சுற்றுகள் போக வேண்டியிருக்கும்.

இந்த முறையில் சிலர் வெறியோடு விரும்பி, பலர் வெறுக்கிற படம் தடுமாறும். முதல் இட வாக்குகளில் முந்தி நிற்காவிட்டாலும் எல்லோருடைய தாளிலும் இரண்டு, மூன்றில் நிற்கிற படம் சுற்றுச் சுற்றாக மேலே வரும். 2017 இல் 14 பரிந்துரைகள் பெற்ற ‘லா லா லேண்ட்’ மேடையில் அறிவிக்கப்பட்டு, உறை மாறிப்போனது தெரிந்ததும் ‘மூன்லைட்’ குழுவினர் மேடையேறிய கதையை எல்லோரும் அறிவார்கள். அதன் முடிவையும் பலர் இந்த எண்ணும் முறையைக் கொண்டே விளக்குகிறார்கள். ஒஸ்காரை வழங்கும் அகடமி வாக்குக் கணக்கை ஒருபோதும் வெளியிடுவதில்லை என்பதால் அந்த விளக்கம் விளக்கமாகவே நிற்கிறது.

தயாரிப்பாளர் சங்கமும் இதே விருப்பு வரிசை முறையைத்தான் பயன்படுத்துகிறது. 2010 விழாவிலிருந்து 2025 வரையான 16 ஆண்டுகளில் அது மூன்று தடவைகள் மட்டும் பிழைத்திருக்கிறது: 2016, 2017, 2020. இடையில் ஓர் ஆண்டு இரண்டு படங்களுக்குச் சமமாகக் கொடுத்து, அவற்றில் ஒன்று ஒஸ்கார் வென்றது. அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

2025 விழாவை வைத்து இவற்றை உரசிப் பார்க்கலாம், ஏனென்றால் அந்த ஆண்டு வழிகாட்டிகள் ஒருவரோடொருவர் சண்டை பிடித்தார்கள். ஜனவரியில் கோல்டன் குளோப் ‘த புரூட்டலிஸ்ட்’, ‘எமிலியா பெரெஸ்’ என்று இரண்டு படங்களைக் காட்டியது. பெப்ரவரி 8 ஆம் திகதி ஒரே இரவில் தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் ‘அனோரா’ பக்கம் சாய்ந்தன. 16 ஆம் திகதி பாஃப்டா ‘கொன்கிளேவ்’ என்றது. 23 ஆம் திகதி நடிகர் சங்கமும் குழு நடிப்புக்காக ‘கொன்கிளேவ்’ படத்தைத் தேர்ந்தது. கடைசி வாரத்தில் எங்கள் வட்டத்தில் ஒரு கலக்கம். பலர் வெள்ளைத் திரவம் தடவித் தாளைத் திருத்தினார்கள்.

அவர்கள் கவனிக்காத ஒன்று திகதி. ஒஸ்கார் வாக்களிப்பு பெப்ரவரி 18 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நடிகர் சங்க விருது வழங்கப்பட்டபோது ஒஸ்கார் வாக்குகள் ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தன, அந்த மேடையைப் பார்த்து எவரும் மனம் மாற வாய்ப்பில்லை. மேலும் நடிகர் சங்கத்தில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். அந்தக் கடலில் ஒஸ்கார் வாக்காளர்கள் சில துளிகள். மார்ச் 2 ஆம் திகதி ‘அனோரா’ சிறந்த படம், இயக்கம் உட்பட ஐந்து விருதுகளை எடுத்தது. ஷோன் பேக்கர் ஒரே படத்துக்காக நான்கு சிலைகளை வீட்டுக்குக் கொண்டு போனார். ‘கொன்கிளேவ்’ தழுவல் திரைக்கதைக்கு ஒன்றோடு திரும்பியது.

நடிப்புப் பிரிவுகளில் சங்க வழி இவ்வளவு உறுதியானதல்ல. அதே 2025 இல் நடிகர் சங்கம் டெமி மூரையும் திமோத்தே ஷாலமேயையும் தேர்ந்தது, பாஃப்டா மைக்கி மெடிசனையும் ஏட்ரியன் பிரோடியையும் தேர்ந்தது. ஒஸ்கார் பாஃப்டாவைப் பின்பற்றியது. 2021 இலும் சட்விக் போஸ்மன் வெல்வார் என்று நம்பி அமைப்பாளர்கள் சிறந்த நடிகர் விருதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள், பாஃப்டா வென்றிருந்த அன்ரனி ஹொப்கின்ஸ் அதைப் பெற்றார், அவர் மண்டபத்திலேயே இல்லை. அப்படியானால் எப்போதும் பாஃப்டாவா? 2023 இல் பாஃப்டா கேட் பிளான்செட்டையும் ஒஸ்டின் பட்லரையும் காட்டியது. நடிகர் சங்கம் காட்டிய மிஷெல் யோவும் பிரெண்டன் ஃபிரேசருமே ஒஸ்கார் வென்றார்கள். இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் புள்ளடியைப் போட்டுவிட்டு அடுத்த பிரிவுக்குப் போகலாம். 2025 துணை நடிப்பில் கீரன் கல்கினும் ஸோயி சல்டானாவும் அப்படித்தான் எல்லா மேடையிலும் ஏறினார்கள். இரண்டும் வேறு பெயர் சொன்னால் அந்தப் பிரிவு திறந்து கிடக்கிறது என்று பொருள். அந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சிறிய பிரிவுகளில் சங்க வழி கையை விரித்துவிடும். 2025 அனிமேஷன் பிரிவில் தயாரிப்பாளர் சங்கம் ‘த வைல்ட் ரோபோ’ என்றது. அனிமேஷன் துறையின் ஆனி விருதும் அதையே சொன்னது. பாஃப்டா, வொலஸும் குரோமிட்டும் வரும் படத்துக்குப் போனது. ஒஸ்காரை வென்றது லத்வியாவில் இருந்து வந்த ‘ஃப்ளோ’. கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற இளைஞர் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாக்கிய படம். வசனமே இல்லை. வெள்ளத்தில் தப்பிப் படகேறும் ஒரு பூனையின் கதை. எங்கள் வட்டத்தில் அதிக வீடுகளில் பார்க்கப்பட்ட ஒஸ்கார் படம் அதுவாகத்தான் இருக்கும். துணையெழுத்து வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளையும் வாசிக்க விரும்பாத அம்மம்மாவும் சேர்ந்து பார்க்கக்கூடிய படம், வெள்ளம் என்பதும் இந்த மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டிய விடயமல்ல. ஆவணப்படப் பிரிவிலும் இதே நிலைதான். இயக்குநர் சங்கம் ‘போர்சலின் வோர்’ படத்தைத் தேர்ந்தது. தயாரிப்பாளர் சங்கம் தேர்ந்த படம் ஒஸ்கார் பட்டியலிலேயே இல்லை. வென்றது, அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர்கூட எடுக்க முன்வராத ‘நோ அதர் லேண்ட்’ என்ற பலஸ்தீன நிலப்பறிப்பு பற்றிய படம். அதைப் பார்த்த எங்கள் ஆட்களில் பலர் மனத்தால் சரியாகப் போட்டிருந்தார்கள். காரணத்தை இங்கே எழுதத் தேவையில்லை.

பந்தய விகிதம்

பந்தய நிறுவனங்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விகிதம் போடும். 1.25 என்று இருந்தால் ஒன்றை அதால் பிரியுங்கள், 80 வீதம். 5 என்று இருந்தால் 20 வீதம். ஒரு பிரிவில் உள்ள எல்லாப் பெயர்களின் வீதத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டும். அந்த மிகுதிதான் பந்தயக்காரரின் இலாபம், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பந்தயம் கட்டச் சொல்லவில்லை. கடைத்தெரு விலையைக் கேட்டுவிட்டு எதையும் வாங்காமல் வருவதற்கு எந்த மார்க்கத்திலும் தடையில்லை என்று எங்கள் காத்தான்குடி நண்பர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்த வழியின் பலம், அது எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது. சங்க விருது, வாக்களிப்புத் திகதி, நேற்று வந்த வதந்தி எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடும். ஒலி, ஒப்பனை, ஆடை வடிவமைப்பு போன்ற பிரிவுகளில் எனக்கும் உங்களுக்கும் சொந்தக் கருத்து என்று ஒன்று இருக்கப் போவதில்லை. அங்கே விகிதத்தைப் பார்த்து எழுதுவதுதான் மரியாதை.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2025 வரை இருந்த 23 பிரிவிலும் 80 வீத வாய்ப்புள்ள பெயரையே போட்டாலும் சராசரியாக 18 தான் சரியாக வரும். முழுத்தாளும் சரியாக வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை, இருநூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. விகிதத்தை வேத வாக்காக எடுத்து, ஐந்து பிழை வந்ததும் “சூழ்ச்சி நடந்திருக்கிறது” என்று கத்துகிறவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அது போட்டியைப் பற்றியது. எல்லோரும் ஒரே விகிதத்தைப் பார்த்து நிரப்பினால் எல்லோருடைய தாளும் ஒரே தாள். பிறகு வெற்றியைத் தீர்மானிப்பது, விழா எத்தனை மணி நேரம் எத்தனை நிமிடம் நீடிக்கும் என்ற சமநிலை முறிப்புக் கேள்விதான். அதற்கு நண்டுக் கறி அதிகம்.

பழைய விதிகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். படத்தொகுப்புப் பரிந்துரை இல்லாமல் சிறந்த படம் வெல்லாது என்று ஒரு விதி இருந்தது. 1981 முதல் 2013 வரையான படங்களில் ஒன்றுகூட அதை மீறவில்லை. அடுத்த ஆண்டே ‘பேர்ட்மேன்’ மீறியது. 2022 இல் ‘கோடா’ படத்தொகுப்பும் இல்லாமல், இயக்கமும் இல்லாமல், வெறும் மூன்று பரிந்துரைகளோடு வந்து மூன்றையும் வென்றது. வேற்றுமொழிப் படம் வெல்லாது என்றார்கள், ‘பராசைட்’ வந்தது. தங்கப் பனை வாங்கிய படம் இப்போதெல்லாம் சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வாங்காது என்றார்கள், அதே ‘பராசைட்’ அதையும் உடைத்து, பின்னர் ‘அனோரா’ இன்னொரு தடவை உடைத்தது. அதிகப் பரிந்துரை பெற்றது வெல்லும் என்கிறார்கள். ‘தீபன்’ எடுத்த ஜாக் ஓடியாரின் ‘எமிலியா பெரெஸ்’ 13 பரிந்துரைகளோடு முன்னால் நின்றது, பாஃப்டாவில் வேற்றுமொழிப் படத்துக்கான விருதையும் வாங்கியது. பரிந்துரைகள் வந்த பிறகு நாயகியின் பழைய சமூக ஊடகப் பதிவுகள் கிளப்பிய சர்ச்சைக்குப் பின் இரண்டே விருதுகளோடு முடிந்தது. சர்வதேசப் படப் பிரிவில் பிரேசிலின் ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’ வென்றது. 

வாக்காளர் கூட்டமே மாறிவிட்டது என்பதுதான் இந்த விதிகள் உடைவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து நிறையப் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இன்னொரு விதியையும் கொண்டுவந்தார்கள்: ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அப்படி ஒரு பொதுவான கட்டாயம் இருக்கவில்லை என்பதை அறிந்தபோது எனக்கு எங்கள் வட்டத்தின் மேல் திடீரென்று மரியாதை கூடியது. நடிகர் தேர்வு விருதுக்கோ பழைய வரலாறே கிடையாது. வரலாற்று வழிக்காரர் அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என்றால் எப்படி நிரப்புவது

இயக்கம், சிறந்த படம் இரண்டுக்கும் அந்தந்தச் சங்கம். நடிப்பு நான்கிலும் நடிகர் சங்கமும் பாஃப்டாவும் ஒத்துப்போகிற இடத்தில் அந்தப் பெயர். ஒளிப்பதிவு தொடங்கி ஒப்பனை வரையான தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு விகிதம், அதையும் வாக்களிப்பு முடிந்த கிழமையில் பார்க்க வேண்டும், ஜனவரியில் பார்ப்பது வீண். இவ்வளவையும் செய்தால் நல்ல தாள் வரும், ஆனால் பக்கத்து வீட்டாரின் தாளும் அதேதான்.

ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விலக வேண்டும், விலகுகிற இடத்தைப் பார்த்துத் தெரிய வேண்டும். ஒரு பிரிவில் முதல் பெயருக்கு 90, அடுத்ததற்கு 5 என்றால் அங்கே விலகுவது தற்கொலை. முதல் பெயருக்கு 55, அடுத்ததற்கு 40 என்றால் அங்கே விலகுங்கள். இழப்பது சராசரியில் ஒரு புள்ளியின் ஏழில் ஒரு பங்குதான். பத்துப் பேர் 55 பக்கம் நிற்க, நீங்கள் மட்டும் 40 பக்கம் நின்று அது வந்துவிட்டால் முழுக் கூட்டத்தையும் ஒரே தாவலில் தாண்டிவிடுவீர்கள். நடிகர் சங்கமும் பாஃப்டாவும் முரண்படுகிற நடிப்புப் பிரிவு, அனிமேஷன், ஆவணப்படம், சர்வதேசப் படம் ஆகியவைதான் வழக்கமாக இப்படித் திறந்து கிடப்பவை. அந்த இடங்களில் எந்தப் பக்கம் விலகுவதென்று எந்தச் சங்கமும் உங்களுக்குச் சொல்லாது. படத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மனத்துக்கு நான் ஒதுக்கும் இடம் இதுதான்.

சமநிலையில் முடிகிற தொல்லையைக் குறைக்க எங்கள் வட்டத்துக்கு ஒரு யோசனையும் வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு பிரிவிலும் சரியாகப் போட்டவர்கள் எத்தனை பேரோ அத்தனையால் புள்ளியைப் பங்கிடுவது. தனியாகச் சரியாகப் போட்டவருக்கு முழுப்புள்ளி, பத்துப் பேர் போட்டிருந்தால் ஆளுக்குப் பத்தில் ஒன்று. விகிதத்தை அப்படியே பிரதி செய்கிறவர்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். எதிர்க்கிறவர்கள் யார் யார் என்பதே யோசனை சரி என்பதற்குப் போதிய சான்று.

குறும்படப் பிரிவுகள் மூன்றையும் கடைசிக்கு வைத்திருந்தேன். அனிமேஷன், நடிப்பு, ஆவணம் மூன்றிலும் ஐந்து ஐந்தாகப் பதினைந்து படங்கள். இவற்றில் சங்க வழி அநேகமாக இல்லை, விகிதமும் நம்பத்தகுந்ததல்ல, ஏனென்றால் பந்தயம் கட்டுகிறவர்களே இவற்றைப் பார்ப்பதில்லை. பெரிய படங்களில் சில இங்கே படமாளிகைக்கு வருவதே இல்லை. உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும், அல்லது இணையத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பரிந்துரை பெறும் குறும்படங்களில் பல யூடியூபில் சட்டபூர்வமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. நியூயோர்க்கர் சஞ்சிகை தன் அலைவரிசையிலேயே பலவற்றை வெளியிடுகிறது. குறும்படம் என்றால் நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அகடமியின் விதி. ஆகவே பதினைந்தும் கிடைத்தாலும் மொத்தம் பத்து மணி நேரத்தைத் தாண்டாது. பெப்ரவரி நவம் பௌர்ணமி விடுமுறையில் காலையில் தொடங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு முடிந்துவிடும். யார் வீட்டில் என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை. கல்லடியில் இணைய வேகம் நன்றாக இருக்கிறது, கல்முனையில் சாப்பாடு நன்றாக இருக்கிறது.